டிசம்பர் விடுமுறை: பழங்காலத் தொல்லியல் தளங்களில் எதை முதலில் பார்ப்பது?

செம்பவாங் நிலா

எல்லாருக்கும் வணக்கம். என் மகன் உயர்நிலை இரண்டு படிக்கிறான். கொஞ்ச நாளாகவே அவனுக்குத் தொல்லியல் மேல் பெரிய ஆசை. பிரமிடு, மச்சு பிச்சு, பெட்ரா, பாம்பேய், மொகஞ்சதாரோ என்று ஒரு பட்டியல் எழுதி அறைச் சுவரில் ஒட்டியிருக்கிறான். டிசம்பர் விடுமுறையில் ஓர் இடத்துக்காவது கூட்டிப் போகிறோம் என்று சொல்லிவிட்டோம். அவன் அப்பா கம்போடியாவின் அங்கோர் வாட் பக்கத்தில்தானே இருக்கிறது, அதுவே போதும் என்கிறார். மாமியார், மதுரைக்குப் போய் உறவினர்களைப் பார்த்துவிட்டு அப்படியே கீழடியைக் காட்டலாம் என்கிறார். பையனுக்கு எகிப்துதான் வேண்டுமாம்.

படம் எடுத்துப் போடுவதற்காகப் போக எங்களுக்கு விருப்பமில்லை. அங்கே போய் நின்றால் அவனுக்கு ஏதாவது புரிய வேண்டும். வரலாறு தெரிந்தவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். நீங்களாக இருந்தால் எங்கே தொடங்குவீர்கள்? ஏன்?

ஈசூன்காரன்

என் ஓட்டு அங்கோருக்குத்தான். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும், அவ்வளவுதான். புதிய விமான நிலையம் சியெம் ரியாப் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. அதனால் வண்டிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 அமெரிக்க வெள்ளி, மூன்று நாளுக்கு 62. மூன்று நாள் சீட்டையே எடுங்கள். ஒரே நாளில் ஓடி ஓடிப் பார்த்தால் எல்லாக் கோயிலும் ஒன்றுபோலத் தெரியும்.

பையனுக்குக் கோபுரங்களைக் காட்டுவதற்கு முன் தண்ணீரைக் காட்டுங்கள். 12ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரண்டாம் சூரியவர்மன் கட்டிய கோயிலைச் சுற்றியுள்ள அகழியே ஏறக்குறைய 190 மீட்டர் அகலம். மேற்கு பராய் என்ற ஏரி சுமார் 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம். கரை எழுப்பி மனிதர் உண்டாக்கிய ஏரி அது. 2012இல் ஹெலிகாப்டரிலிருந்து லேசர் கதிர் பாய்ச்சி அளந்தார்கள். காட்டுக்கு அடியில் தெருக்களும் குளங்களும் வீட்டு மேடுகளும் கட்டம் கட்டமாக இருந்தது அப்போது தெரிந்தது. கல்லில் கட்டியது பெரும்பாலும் கோயில்களைத்தான். மக்கள் மர வீடுகளில் வாழ்ந்தார்கள், அவை மக்கிவிட்டன. பழைய மரங்களின் வளையங்களை ஆராய்ந்தவர்கள், 14, 15ஆம் நூற்றாண்டுகளில் நீண்ட வறட்சிகளும் நடுநடுவே கடும் மழைக்காலங்களும் அங்கே வந்ததாகச் சொல்கிறார்கள். அந்தப் பெரிய கால்வாய் அமைப்பு அதற்கு ஈடுகொடுக்க முடியாமல் உடைந்தது. மழைநீரைத் தேக்கிக் குடிக்கும் ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு இது சட்டென்று புரியும்.

கடல்வழி

ஈசூன்காரன் சொன்னதில் ஒன்றைக்கூட மறுக்க மாட்டேன். ஆனால் எங்கே தொடங்குவது என்றுதானே நிலா கேட்டார்கள்? அதற்கு விமானமே வேண்டாம். டோபி காட் நிலையத்தில் இறங்கி ஃபோர்ட் கேனிங் மலைக்கு நடந்து போங்கள்.

1928இல் அந்த மலையில் நீர்த்தேக்கத்துக்காக மண் தோண்டிய தொழிலாளர்களின் கையில் பொன் நகைகள் கிடைத்தன. தோள்வளை ஒன்றில் ஜாவா கோயில் வாசல்களில் காணும் காலன் முகம் இருக்கிறது. 1984 ஜனவரியில் ஜான் மிக்சிக் தலைமையில் அதே மலையில் அகழாய்வு தொடங்கியது. சிங்கப்பூரில் முறைப்படி நடந்த முதல் அகழாய்வு அது. 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான், கண்ணாடி, உள்ளூர் மண்பாண்டம் என்று அள்ள அள்ள வந்தது. ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் வந்து இறங்குவதற்கு 500 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே ஊர் இருந்தது, கடலோரத்தில் வியாபாரம் நடந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். மலைமேல் கூரை போட்ட ஒரு குழியை அகழாய்வு எப்படி நடக்கும் என்று காட்டவே வைத்திருக்கிறார்கள். முதலில் அதைப் பார்க்கட்டும். மண் அடுக்கு என்றால் என்ன, மேல் அடுக்கு ஏன் புதியது, அடியில் இருப்பது ஏன் பழையது என்பது பத்து நிமிடத்தில் மனத்தில் பதிந்துவிடும். அப்புறம் மலையடிவாரத்தில் உள்ள தேசிய அரும்பொருளகத்துக்குப் போங்கள். அந்த நகைகள் அங்கே இருக்கின்றன.

ஏன் இதிலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்றால், புகழ்பெற்ற தளங்களின் பட்டியல் எதை எடுத்தாலும் ஒவ்வோர் இடமும் தனியாக நிற்கும். பிரமிடு ஒரு பக்கம், பாம்பேய் ஒரு பக்கம், கீழடி ஒரு பக்கம். அவற்றில் பலவற்றைச் சேர்த்துக் கட்டிய கடல் பட்டியலில் வராது. அந்தக் கடலின் ஓரத்தில்தான் நாம் குடியிருக்கிறோம்.

எகிப்தின் செங்கடல் கரையில் பெரெனிகே என்ற பழைய துறைமுகம் இருக்கிறது. அங்கே ஒரு கோயில் முற்றத்தில் இந்தியப் பெரிய தாழி ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். உள்ளே ஏழரைக் கிலோ மிளகு. கி.பி. முதல் நூற்றாண்டு மிளகு! அதே ஊரில் கிடைத்த பானை ஓட்டில், தமிழின் மிகப் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் கொற்றன் என்று ஒரு பெயர். வடக்கே குசேர் அல்-காதிம் என்ற இன்னொரு துறைமுகத்தில் கணன், சாதன் என்று எழுதிய ஓடுகள். யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பினார்கள் என்று சங்கப் பாட்டில் படித்ததற்கு மறுகரையில் கிடைத்த சாட்சி இது. கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை மூடிய பாம்பேயில் ஒரு வீட்டிலிருந்து 1938இல் இந்தியத் தந்தச் சிலை கிடைத்தது. ஒரு சாண் உயரம் இருக்கும். லட்சுமி என்று பெயர் வைத்தார்கள், யட்சியாக இருக்கலாம் என்பவர்களும் உண்டு.

இப்போது கிழக்கே திரும்புங்கள். தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்ற இடத்தில் கையடக்கமான ஓர் உரைகல் கிடைத்தது. பொன்னை உரசித் தரம் பார்க்கும் கல். அதில் தமிழ் பிராமியில் ‘பெரும்பதன் கல்’ என்று வெட்டியிருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டு. ஓர் அரசனோ படையோ அதில் இல்லை. வேலைக்காகக் கடல் தாண்டி வந்த ஒரு பொற்கொல்லர் தன் கருவியில் தன் பெயரைப் போட்டு வைத்திருக்கிறார். சிங்கப்பூருக்குப் பிழைக்க வந்த குடும்பங்களில் பிறந்த நம் பிள்ளைகள் முதலில் அறிய வேண்டிய ஆள் அவர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இவரைத் தெரிந்துகொண்டு அங்கோருக்கும் எகிப்துக்கும் போனால் பார்வையே வேறாக இருக்கும்.

செம்பவாங் நிலா

கடல்வழி அண்ணே, படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கிராபிக்கு நாங்கள் போயிருக்கிறோம், ஆனால் கடற்கரையோடு சரி. அந்தக் கல் அங்கேதான் இருக்கிறதா?

கடல்வழி

கிளாங் தோம் என்ற ஊரில் புத்த விகாரை ஒன்று இருக்கிறது. அதன் வளாகத்தில் உள்ள சிறிய அரும்பொருளகத்தில்தான் குவான் லுக் பாட்டில் கிடைத்த மணிகளும் கருவிகளும் சேர்த்து வைக்கப்பட்டன. கிராபி ஊரிலிருந்து சாலை வழியாகப் போகலாம். கடற்கரைப் பயணத்தோடு ஒரு காலைப் பொழுதைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

வங்கக்கரை

கடல்வழி ஐயா 14ஆம் நூற்றாண்டோடு சிங்கப்பூரை நிறுத்திவிட்டார். ராஜேந்திர சோழன் 1025இல் கடாரம் வரை கப்பல் படை அனுப்பினான். தஞ்சைக் கல்வெட்டில் ஊர் ஊராகப் பெயர் இருக்கிறது. ஆற்று முகத்தில் இருந்த சிங்கப்பூர்க் கல்லும் சோழருடையதுதான் என்று நான் படித்தேன். இந்தத் தீவே சோழர் கைக்கு வந்த தீவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்க வேண்டும். நாமே சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள்?

பானைச்சில்லு

வங்கக்கரை, உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. ஆனால் பிள்ளைக்குச் சொல்லும்போது எது கிடைத்தது, எது ஊகம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். 1025 படையெடுப்பு கல்வெட்டில் இருக்கிறது, சரி. சிங்கப்பூர்க் கல்லின் கதை வேறு.

1819இல் ஆற்று முகத்துவாரத்தில் அந்தக் கல்லைப் பார்த்தார்கள். சுமார் மூன்று மீட்டர் உயரம், ஏறக்குறைய 50 வரி எழுத்து. 1843இல் முகத்துவாரத்தை அகலப்படுத்துவதற்காக அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். சில துண்டுகள் கல்கத்தாவுக்குப் போயின. ஒரு துண்டு திரும்பி வந்து இப்போது தேசிய அரும்பொருளகத்தில் இருக்கிறது. அதில் உள்ள எழுத்தை இன்றுவரை எல்லாரும் ஏற்கும்படி யாரும் படித்து முடிக்கவில்லை. ஜாவாவின் ‘கவி’ என்ற பழைய எழுத்தின் சாயல் என்பார்கள் பலர். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வாளர், அதில் ‘கேசரிவ’ என்று படிக்கலாம், சோழர் பட்டமான பரகேசரிவர்மன் என்பதன் பகுதியாக இருக்கலாம் என்று எழுதினார். சிந்திக்க வேண்டிய கருத்துதான். ஆனாலும் அது ஒரு கருத்து. 50 வரியில் நமக்கு மிஞ்சியது சில வரிகளின் பாதி. அதை வைத்து ஒரு தீவையே எழுதிக்கொடுக்க முடியாது.

எனக்கு இதில் கோபம் வருவது வேறு காரணத்துக்கு. அந்தக் கல்லை உடைக்காமல் விட்டிருந்தால் இந்த வாதமே வந்திருக்காது. கல்லைப் படித்துப் பார்த்துச் சொல்லியிருப்போம். பையனை அந்தத் துண்டின் முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வையுங்கள். தொல்லியலின் பாதி வேலை, அழிந்தது போக மிஞ்சியதை வைத்து நேர்மையாகப் பேசுவது.

வங்கக்கரை

சரி, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தமிழ் வணிகர்கள் இந்தப் பக்கம் இருந்ததற்குப் படித்து முடித்த கல்வெட்டே இருக்கிறதே?

பானைச்சில்லு

நிறையவே இருக்கிறது, அதைத்தான் தைரியமாகச் சொல்ல வேண்டும். தாய்லாந்தின் தகுவா பா கல்வெட்டு 9ஆம் நூற்றாண்டு, தமிழ். அவனிநாரணம் என்ற குளத்தையும் அதைக் காக்கும் பொறுப்பேற்ற மணிக்கிராமத்தாரையும் சொல்கிறது. மணிக்கிராமத்தார் என்றால் வணிகக் குழு. சுமாத்ராவின் பாருஸ் ஊரில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, ஐந்நூற்றுவர் என்ற இன்னொரு வணிகக் குழுவினுடையது. நாகப்பட்டினத்தில் சுமாத்ராவின் ஸ்ரீவிஜய அரசின் மன்னன் பெயரில் எழுந்த சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஊர் விட்டுக்கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. அதாவது போக்குவரத்து இரண்டு பக்கமும் இருந்தது. நாம் இங்கே வந்தோம், அவர்கள் அங்கே வந்து கோயில் கட்டினார்கள். படையெடுப்பு ஓர் ஆண்டுச் செய்தி. இந்த வியாபார உறவு பல நூறு ஆண்டு வாழ்க்கை.

கீழடி பற்றியும் இரண்டு வார்த்தை. நிலாவின் மாமியார் சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள். மதுரையிலிருந்து 12 கிலோமீட்டர்தான். 2014இல் இந்திய அரசின் தொல்லியல் துறையின் அமர்நாத் ராமகிருஷ்ணன் குழு தோண்டத் தொடங்கியது, அதற்குப் பிறகு மாநிலத் துறை தொடர்ந்தது. செங்கல் கட்டுமானம், உறை கிணறு, தாயக்கட்டை, ஆதன் என்று பெயர் கீறிய பானை ஓடு எல்லாம் கிடைத்தன. ஒரு கரித் துண்டின் காலம் கி.மு. 580 அளவில் வந்தது. 2023 மார்ச்சில் திறந்த அரும்பொருளகம் செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் இருக்கிறது, மிக நன்றாக அடுக்கியிருக்கிறார்கள். நேரம் இருந்தால் தெற்கே ஆதிச்சநல்லூருக்கும் போங்கள். 1876இல் யாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார், பிறகு 1899 முதல் அலெக்ஸாண்டர் ரீ. முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள். அரிக்கமேடும் பெரிய பெயர்தான், 1945இல் மார்ட்டிமர் வீலர் ரோமானியப் பாண்டங்களைக் கண்ட இடம். ஆனால் இப்போது போனால் மரங்களும் கொஞ்சம் செங்கல் சுவரும்தான். பிள்ளைக்கு ஏமாற்றமாகிவிடும். அதை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம்.

மெர்போக் வழி

யாரும் பூஜாங் பள்ளத்தாக்கைச் சொல்லவில்லையே! மலேசியாவில் கெடா மாநிலம், ஜெராய் மலை அடிவாரம். வங்கக்கரை சொன்ன கடாரம் அந்த வட்டாரம்தான். பினாங்குக்கு விமானத்தில் போய் அங்கிருந்து வண்டி எடுத்தால் மெர்போக்குக்குச் சுலபமாகப் போகலாம். புக்கிட் பத்து பகாட் கோயிலின் கருங்கல் அடித்தளத்தை 1960 வாக்கில் மறுபடியும் அடுக்கி நிறுத்தினார்கள். ஓடை சத்தத்தோடு அங்கே நிற்கலாம், கூட்டமே இருக்காது. பக்கத்திலேயே அரும்பொருளகம். சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய உலைகளையும் தோண்டி எடுத்திருக்கிறார்கள்.

மனம் கனத்துச் சொல்ல வேண்டிய ஒன்றும் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பழைய சண்டி 11 என்ற கோயில் எச்சம், வீட்டு மனை வேலைக்காக 2013இல் இடித்துத் தள்ளப்பட்டது. அதைப் பற்றிச் செய்தி வந்த பிறகுதான் பலருக்கு அப்படி ஒரு கோயில் இருந்ததே தெரிந்தது. 1843இல் நம் கல்லுக்கு நடந்தது 170 ஆண்டு கழித்து அங்கேயும் நடந்திருக்கிறது. போய்ப் பார்க்க ஆள் இருந்தால்தான் இடிப்பதற்குத் தயங்குவார்கள். அதற்காகவாவது நாம் போக வேண்டும்.

தேக்கா ஆசிரியை

நான் தமிழாசிரியை. மாணவர்களைக் கூட்டிப் போய்ப் பழக்கம் என்பதால் எழுதுகிறேன்.

நிலா, ஃபோர்ட் கேனிங்குக்கு அடுத்து ஆற்றங்கரையில் ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தோனேசியாவின் பெலித்துங் தீவுக்கு அருகே 1998இல் கடலடியில் கிடைத்த கப்பலின் சரக்கு அங்கே இருக்கிறது. மொத்தம் சுமார் 60,000 பொருள்கள், பெரும்பாலும் சீனாவின் சாங்ஷா வட்டாரத்துக் கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டுக்குச் சமமான சீனத் தேதி எழுதியிருக்கிறது. அதனால் கப்பலின் காலம் தெரிந்துவிட்டது. ஆணியே இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துச் சேர்த்த, அரபு நாட்டு முறைக் கப்பல். சீனாவில் சரக்கு, மேற்கே போகும் கப்பல், நம் கடலில் மூழ்கியது. கடல்வழி அண்ணன் சொன்னது அத்தனையும் ஒரே கூடத்தில் இருக்கிறது.

பையனுக்கு எகிப்து ஆசை என்றீர்கள். அதை அணைக்க வேண்டாம். பிரமிடு பற்றி அவனிடம் இதைச் சொல்லுங்கள். 2013இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜார்ஃப் என்ற மிகப் பழைய துறைமுகத்தில் பப்பைரஸ் சுருள்கள் கிடைத்தன. எழுத்துள்ள பப்பைரஸில் இதுவரை கிடைத்தவற்றிலேயே பழையவை. மெரெர் என்ற அதிகாரி தன் ஆட்களோடு துரா சுரங்கத்திலிருந்து சுண்ணாம்புக் கல்லைப் படகில் ஏற்றி கூஃபு மன்னனின் பெரிய பிரமிடுக்குக் கொண்டுபோன நாள்குறிப்பு அதில் இருக்கிறது. இன்ன நாளில் கல் ஏற்றினோம், இன்ன இடத்தில் இரவு தங்கினோம் என்று எழுதி வைத்திருக்கிறார். 4,500 ஆண்டுக்கு முன் ஒரு மேற்பார்வையாளர் எழுதிய வேலைக் குறிப்பு! வேற்றுக்கிரகவாசிகள் பிரமிடைக் கட்டினார்கள் என்ற வீடியோக்களை என் மாணவர்கள் நிறையப் பார்க்கிறார்கள். அவர்களிடம் நான் மெரெரைப் பற்றித்தான் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். செலவு தாங்குமென்றால் பிறகு ஒரு நாள் கெய்ரோ போங்கள். 2025 நவம்பரில் கீசா பிரமிடுகளுக்கு அருகே பெரிய அரும்பொருளகம் முழுமையாகத் திறந்துவிட்டது.

ஈசூன்காரன்

ஆசிரியை சொன்னதைப் படித்த பிறகு ஜாவாவில் உள்ள போரோபுதூர் என்ற புத்தக் கோயிலையும் சேர்க்கத் தோன்றுகிறது. 9ஆம் நூற்றாண்டு வாக்கில் எழுந்தது, 2,672 புடைப்புச் சிற்பப் பலகைகள். அவற்றில் பாய் விரித்த கப்பல்களும் இருக்கின்றன. 1814இல் ஜாவாவை ஆண்ட ராஃபிள்ஸ் ஆள் அனுப்பிக் காடும் மண்ணும் விலக்கச் சொன்னார். ஐந்தே ஆண்டில் அவர் இங்கே வந்தார். மேலே ஏறுவதற்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்று கட்டுப்பாடு இருக்கிறது, அவர்கள் தரும் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள்.

செம்பவாங் நிலா

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. இழை முழுவதையும் பையனை வைத்துச் சத்தமாகப் படித்தோம். மெரெர் பற்றிக் கேட்டதும் உடனே தேட ஆரம்பித்துவிட்டான். வீட்டில் பேசி முடிவு செய்தது இது. வரும் சனிக்கிழமை ஃபோர்ட் கேனிங், தேசிய அரும்பொருளகம். அடுத்த வாரம் ஆற்றங்கரை. டிசம்பரில் பினாங்கு வழியாக பூஜாங். மாமியார் கோபித்துக்கொள்ளவில்லை, பொங்கலுக்குப் பிறகு மதுரைக்கு அவரோடு போகிறோம். அங்கோர் அடுத்த ஆண்டு, மூன்று நாள் சீட்டோடு.

ஒரு கேள்வி. பூஜாங்கில் கல் அடித்தளங்கள்தான் இருக்குமென்றால், அவன் எதைக் கவனிக்க வேண்டும்?

மெர்போக் வழி

தூண் நின்ற இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள், நிலா. அடித்தளக் கற்களில் வட்டக் குழிகளும் தூண் தாங்கும் பீடங்களும் இருக்கும். மேலே இருந்தது மரமும் கூரையும், அதெல்லாம் போய்விட்டது. அந்தக் குழிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து, ஒரு தாளில் தூண்களை நிறுத்திக் கூரையை அவனே வரையட்டும். வரைந்த பிறகு அரும்பொருளகத்துக்குள் போய், அங்கே உள்ள மற்ற கோயில்களின் வரைபடங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அளவுநாடா ஒன்றை மறக்காமல் எடுத்துப் போங்கள். கல்மேல் ஏற விடாதீர்கள். மாலையில் மழை வரும் பருவம் அது, காலையிலேயே போய்விடுங்கள்.

கடல்வழி

அவன் வரைந்ததை இங்கே போடுங்கள், நிலா. நான் போனபோது எடுத்த அளவுகள் என்னிடம் இருக்கின்றன, இரண்டையும் வைத்துப் பார்ப்போம்.